ரோம் நகரில் உணவு உண்ணும்போது

கொலோசியம், திரெவி நீரூற்று முதலியவற்றைக் காண ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான சுற்றுப்பயணிகள் இத்தாலியின் தலைநகரமான ரோமுக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர், “உணவகத்தில் எங்களை ஏமாற்றிவிட்டார்கள்” என்ற மனக்குறையோடு திரும்புவதுண்டு. பல வேளைகளில் அது ஏமாற்று வேலையன்று. அவ்வூர் வழக்கத்தை அறியாததால் ஏற்படும் குழப்பமே.

முதலில் நேரத்தை அறிந்துகொள்ள வேண்டும். ரோமில் பெரும்பாலான உணவகங்கள் நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. மதிய உணவு ஏறத்தாழ 12.30 மணிக்குத் தொடங்கி 3 மணிக்குள் முடிந்துவிடும். இரவு உணவு 7.30 மணியளவில்தான் தொடங்கும். இடையில் பசித்தால், பீட்சாவைத் துண்டுகளாக வெட்டி எடை போட்டு விற்கும் சிறு கடைகளை நாடலாம்.

‘பார்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அங்கு அது பெரும்பாலும் காப்பிக் கடையையே குறிக்கும். உள்ளூர் மக்கள் முகப்பில் நின்றபடியே காப்பியைப் பருகிவிட்டுச் செல்வார்கள். அதே காப்பியை மேசையில் அமர்ந்து குடித்தால் விலை கூடலாம். புகழ்பெற்ற சதுக்கங்களை ஒட்டிய கடைகளில் இந்த வேறுபாடு மிகுதி. எனவே, அமர்வதற்கு முன் விலைப்பட்டியலைப் பார்ப்பது நல்லது.

உணவகக் கட்டணத்திலும் கவனம் தேவை. இத்தாலியின் பல நகரங்களில், மேசையில் அமரும் ஒவ்வொருவருக்கும் ‘கோப்பெர்த்தோ’ எனும் கட்டணம் விதிக்கப்படுகிறது. ரோம் அமைந்துள்ள லாட்சியோ வட்டாரத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தது. ஆயினும், ரொட்டிக்குத் தனியாகக் கட்டணம் வாங்கலாம். ரொட்டி வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மீனின் விலை பல உணவகங்களில் 100 கிராமுக்கு எவ்வளவு என்றே எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, பட்டியலில் 7 யூரோ என்று இருந்தால், 900 கிராம் எடையுள்ள மீனுக்கு 63 யூரோ கொடுக்க வேண்டும். இதை அறியாத குடும்பம் பற்றுச்சீட்டைக் கண்டதும் திகைத்துப் போகும்!

சமயத்தாலோ கொள்கையாலோ சில உணவுகளைத் தவிர்ப்பவர்கள் மேலும் விழிப்பாக இருக்க வேண்டும். ரோமின் புகழ்பெற்ற ‘கார்பொனாரா’, ‘அமத்ரிச்சானா’ ஆகிய பாஸ்தா வகைகளில் பன்றியின் கன்ன இறைச்சி சேர்க்கப்படுகிறது. ‘காச்சோ எ பெப்பே’ பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேர்ந்தது. பார்வைக்குச் சைவ உணவுதான். ஆனால், அதில் சேரும் பெக்கொரினோ பாலாடைக்கட்டியைச் செய்யும்போது, பாலை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகின்றனர். தூய சைவர்கள் தக்காளி, பூண்டு, எண்ணெய் சேர்ந்த ‘மரினாரா’ பீட்சாவைக் கேட்கலாம். அதில் பாலாடைக்கட்டி இருக்காது.

உணவகத்தில் தண்ணீர்ப் புட்டிக்கும் விலை உண்டு. வெளியிலோ, நகரெங்கும் ஏறத்தாழ 2,500 பொதுக் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. 1874ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்டுவரும் இவற்றை, மூக்குப் போன்ற வடிவத்தால் மக்கள் ‘பெரிய மூக்கு’ என்று அழைக்கின்றனர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியே நீர் பீறிட்டு வரும், குனியாமலேயே பருகலாம். ஆனால், வாங்கிய உணவை எங்கும் அமர்ந்து உண்ண முடியாது. புகழ்பெற்ற எசுப்பானியப் படிகளில் அமர்வதற்கு 2019ஆம் ஆண்டு தடை விதிக்கப்பட்டது. மீறினால் அபராதம் உண்டு.

“இதன் விலை என்ன?”, “இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?” என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை. உண்டு முடித்தபின் சண்டையிடுவதைவிட, உண்ணும் முன் கேட்டுத் தெளிவதே அறிவுடைமை. அவ்வாறு கேட்கும் பயணிக்குப் பணமும் வீணாகாது. உணவின் சுவையும் கெடாது.