நர்ஸ் வேலைக்குப் போகிறாள் நம் வீட்டுப் பெண்

மாலை ஆறரை மணி. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு சந்து. ஊரெல்லாம் வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரத்தில், சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கிளம்புகிறாள். வயது இருபத்திரண்டு. இரவு எட்டு மணிக்கு அவள் வார்டில் இருக்க வேண்டும். காலை எட்டு மணி வரை டியூட்டி.

தந்தை பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர். திருப்பத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். "பொம்பளைப் பிள்ளையை ராத்திரி வேலைக்கு அனுப்பறியே!" என்று உறவினர்கள் கேட்டார்கள். "நோய்க்கு ராத்திரி, பகல் தெரியுமா?" என்று இன்று அவர் திருப்பிக் கேட்கிறார். அந்தத் தைரியம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை.

இங்கிலீஷ் என்ற மலை

நர்ஸ் படிப்பில் பல வகை உண்டு. பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருடம். அதற்குப் பௌதிகம், ரசாயனம், உயிரியல் படித்திருக்க வேண்டும். மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பி.யூ.சி.யில் காமர்ஸ் படித்த இந்தப் பெண் அதில்தான் சேர்ந்தாள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

பள்ளியில் கன்னட மீடியம், வீட்டில் தமிழ். நர்ஸிங் புத்தகமோ முழுக்க ஆங்கிலம். மனித உடம்பில் 206 எலும்புகள். முதல் மாதம் அவற்றின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவளுக்குச் சரியாக இருந்தது. முதல் பரீட்சையில் இரண்டு பாடம் போயிற்று. "படிப்பு வேண்டாம்ப்பா" என்று அழுதாள். "சங்கிலி போனது போகட்டும், நீ போகாதே" என்றார் தந்தை.

வார்டுப் பயிற்சி அடுத்த சோதனை. மலச்சட்டி எடுப்பதும், புண்ணைத் துடைத்துக் கட்டுவதும், இறந்தவரின் உடலைச் சுத்தம் செய்து துணி சுற்றுவதும் நர்ஸின் வேலைதான். முதல் வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாவது மாதத்தில் பழகிவிட்டது.

வேலை கிடைத்த பிறகு

பாஸ் செய்ததும், மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டாள். பதிவு இல்லாதவர் முறைப்படி நர்ஸ் ஆக முடியாது. பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. சம்பளம் 14,000 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் விலகினால் 50,000 ரூபாய் கட்டுவதாகப் பத்திரம். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சம்பள விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனதுதான். 2016-இல் அந்த நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு இணையாக வேண்டும் என்றும் பரிந்துரை செய்தது. பொது ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த கணக்கு. இந்தப் பெண் இரவில் பதினெட்டுப் பேரைப் பார்க்கிறாள்.

ஒரு நாள் இரவு இரண்டு மணி. தர்மபுரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஏதோ முனகினார். உடனிருந்த இன்னொரு நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாள். "என்ன தாத்தா?" என்று இவள் குனிந்து கேட்டாள். "நெஞ்சு அடைக்குதும்மா, இடது கை மரத்துப் போச்சு" என்றார். ஓடிப்போய் டாக்டரை எழுப்பினாள். பெரியவர் பிழைத்தார். இங்கிலீஷ் வரவில்லையே என்று அழுத பெண்ணுக்கு, தெருவில் பழகிய தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் வார்டில் கை கொடுத்தன.

சர்டிபிகேட் எங்கே?

ரயில்வே ஆஸ்பத்திரி வேலைக்கு எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. ஜி.என்.எம். படித்துப் பதிவு செய்தவர்களும் அதற்கு எழுதலாம். 2024-ஆம் ஆண்டு அறிவிப்பில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ஆனால் பரீட்சையில் தேறினாலும், சரிபார்ப்புக்கு ஒரிஜினலைக் கொண்டுபோக வேண்டுமே!

தந்தை லீவு போட்டுவிட்டு மகளுடன் ஆபீசுக்குப் போனார். வாயால் கேட்டபோது தரவில்லை. எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டார். மூன்றாவது முறை போனபோது, நகலை வைத்துக்கொண்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தார்கள். பத்திரம் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தக் கெடு முடியும்வரை அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

பெண்ணை நர்ஸிங் சேர்க்க நினைக்கும் பெற்றோர் ஏஜெண்டின் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கட்டலாகாது. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, பயிற்சிக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா என்று நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. கட்டும் பணத்துக்கு ரசீது வேண்டும். வேலையில் சேரும்போது பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரிஜினலைக் கைவிடவும் கூடாது.

காலை ஒன்பதரை மணி. அவள் சந்துக்குள் நுழைகிறாள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டிய தந்தை வாசலில் காத்திருக்கிறார். "சாப்பிட்டுட்டுத் தூங்கு பாப்பா" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லப் போகிறார்.