பழைய கேம் பெட்டி... புதிய இருமல்!

"மூணு வாரமா இருமறான் டாக்டர். ராத்திரியானா ஜாஸ்தி. பரீட்சை வேற வருது..." என்று மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார் ஒரு தாய். பதினோராம் வகுப்புப் பையன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. வறட்டு இருமல், கண்ணில் எரிச்சல். பருவம் மாறுகிற நேரம்தானே என்று ஆடாதோடை மணப்பாகு கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். இருமல் அப்படியே இருந்தது!

தப்பு என்னுடையதுதான். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன்... "ராத்திரி என்ன பண்றே தம்பி?" என்று மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாதான் சொன்னார்: "அவன் மாமா அந்தக் காலத்துல சிங்கப்பூர்லேருந்து வாங்கிட்டு வந்த வீடியோ கேமை வெச்சுக்கிட்டு அறுக்கிறதும் ராவுறதும்தான்!"

அது என்ன பெட்டி?

ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1989-ல் வெளியிட்ட 'கேம் பாய்'. நாலு பென்சில் பேட்டரியில் ஓடும். இப்போதைய பிள்ளைகள் அந்தக் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே 65-க்கு 30 மில்லிமீட்டரே உள்ள குட்டிக் கம்ப்யூட்டரையும் புதுத் திரையையும் பொருத்துகிறார்கள். அதற்கு இடம் வேண்டுமே! பேட்டரி அறைச் சுவரையும் திருகாணித் தூண்களையும் வெட்டி எடுக்கிறார்கள். திரை ஜன்னலை அரத்தால் அகலமாக்குகிறார்கள். கூடுதல் பட்டனுக்கு ஓட்டை போடுகிறார்கள்.

கெட்டிக்காரத்தனமான வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அதைச் செய்த இடம்... ஜன்னல் சாத்திய, ஏ.சி. போட்ட படுக்கையறை!

தூசியும் புகையும்

அந்தக் கூடு ஏ.பி.எஸ். என்ற கெட்டி பிளாஸ்டிக். உப்புத்தாளால் தேய்த்தால் மாவு போலத் தூசி பறக்கும். சுழலும் மெஷினால் வெட்டினால் சூட்டில் உருகி, தொண்டையை அரிக்கும் ஆவி வரும்.

அடுத்தது பற்றவைக்கும் புகை. "சாம்பிராணி மாதிரி வாசனையா இருக்குன்னு பாட்டி சொன்னாங்க" என்றான் பையன். பற்றுக்கம்பிக்குள் இருப்பது பெரும்பாலும் பைன் மரப் பிசின். அது புகையும்போது தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமாவே வரும்.

கையில் ஒட்டும் நஞ்சு

சாதாரணப் பற்றுக்கம்பியில் வெள்ளீயத்தோடு காரீயமும் உண்டு. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. விரலில் ஒட்டுகிறது. நாமோ கையால் சாப்பிடுகிறவர்கள்! கம்பியைப் பிடித்த கையாலேயே முறுக்கை எடுத்துக் கடித்தால் நேராக வயிற்றுக்குப் போகும். சித்த மருத்துவத்தில் இதைக் கருவங்கம் என்போம். சுத்தி செய்யாமல் தொடக்கூடாத நஞ்சு என்றுதான் எங்களுக்குப் பாடமே ஆரம்பிக்கும். வளரும் மூளையைக் கெடுக்கக்கூடியது. குழந்தைகளுக்கு 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல முடியாது.

"இன்னும் ஒண்ணு இருந்துச்சே..."

சாமான்களைக் கொண்டுவரச் சொன்னேன். டிபன் பாக்ஸில் எடுத்து வந்தான். பழைய கேம் கேசட்டிலிருந்து கழற்றிய வட்ட பேட்டரிகளும் இருந்தன. எண்ணிப் பார்த்தவன், "இன்னும் ஒண்ணு இருந்துச்சே..." என்றான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் இரண்டு வயதுத் தங்கை!

அன்று சாயங்காலம் போன் வந்தது. கட்டிலுக்கு அடியில் கிடைத்துவிட்டதாம். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏன் இவ்வளவு பயம்? நாணயம் போன்ற அந்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே சதையைப் புண்ணாக்கிவிடும். 'தீர்ந்துபோன பேட்டரிதானே' என்று இருக்கவே கூடாது. மீதமிருக்கும் மின்சாரமே போதும்.

குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, என்னைப் போன்ற வைத்தியரிடம் வராதீர்கள். எக்ஸ்ரேயும் அவசர சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் 10 நிமிஷத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் தரலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் புண்ணின் ஆழத்தைக் குறைக்கிறது என்று 2018-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் தேன் தேடி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள்

* வேலைக்கு பால்கனி அல்லது ஜன்னல் திறந்த இடம். புகையை மின்விசிறி வெளியே தள்ளட்டும்.

* உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. என்-95 மாஸ்க்கும் கண்ணாடியும் அவசியம்.

* துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

* காரீயம் இல்லாத பற்றுக்கம்பி கடையில் கிடைக்கிறது. எதுவானாலும் பக்கத்தில் தின்பண்டம் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

* கழற்றிய வட்ட பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடி போட்ட டப்பாவில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

* உள்ளே வைக்கும் லித்தியம் பேட்டரியில் திருகாணி முனை குத்தினால் தீப்பிடிக்கும். உப்பிப் போனதை உபயோகிக்காதீர்கள்.

"எல்லாத்தையும் குப்பையில போடச் சொல்லுங்க டாக்டர்" என்றார் அம்மா. நான் சொல்லவில்லை. ஒளித்துச் செய்ததால்தானே கதவைச் சாத்தினான்? மொட்டை மாடியில் ஒரு மேஜை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் இருமல் நின்றது. மணப்பாகு பாட்டில் பாதிக்கு மேல் மீதி!

உங்கள் பிள்ளையும் ராத்திரியில் எதையோ ராவிக்கொண்டிருந்தால், கதவைத் தட்டிப் பாருங்கள்... திட்டுவதற்கு அல்ல, ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு!