கரைசலை உறையவைத்து எடுக்கும் நுண்தூள்

இட்ரியம், பேரியம், செம்பு மூன்றும் 1:2:3 என்ற அணு விகிதத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்த செராமிக், 1987-இல் உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த மீக்கடத்தி. இதன் ஆக்சைடுகளையும் கார்பனேட்டையும் உருண்டைகள் உருளும் ஆலையில் அரைத்துக் கலப்பது வழக்கமான முறை. எவ்வளவு அரைத்தாலும் துகள்கள் மைக்ரோமீட்டர் அளவில் நின்றுவிடும். ஒரு துகளில் பேரியம், பக்கத்துத் துகளில் செம்பு என்று அவை தனித்தனியாகவே கிடக்கும். சூளையில் அணுக்கள் திடப்பொருளுக்குள் நகர்ந்து ஒன்றையொன்று எட்டக் கடும் வெப்பமும் நெடுநேரமும் வேண்டும். அதே வெப்பத்தில் துகள்கள் ஒட்டிப் பருத்தும் போகின்றன. மீண்டும் அரைத்தால் ஆலையின் உருண்டைகள் தேய்ந்து மாசும் சேர்கிறது.

உலோகங்களின் உப்புகளைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை; அயனிகள் முழுமையாகக் கலந்துவிடும். அந்தக் கலப்பைக் கெடுக்காமல் தண்ணீரை வெளியேற்றுவதுதான் கடினம். வெறுமனே வற்றவிட்டால் உப்பளத்தில் நடப்பதே நடக்கும்: அங்கே முதலில் ஜிப்சம் படிகிறது, பிறகு சாப்பாட்டு உப்பு, மெக்னீசியம் உப்புகளோ எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றன. பேரியம் நைட்ரேட் 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 9 கிராம்தான் கரையும். செம்பு, இட்ரியம் நைட்ரேட்டுகள் பன்மடங்கு கரைபவை. ஆகவே பேரியம் முந்திப் பிரிந்துவிடும்.

கரைசலை நொடிப்பொழுதில் உறையவைப்பதே இதற்கு வழி. அமெரிக்கச் சுரங்கத் துறையின் லேண்ட்ஸ்பெர்க், கேம்பல் இருவரும் 1965-இல் இப்படி மிக நுண்ணிய உலோகத்தூள் எடுத்தார்கள். பெல் ஆய்வகத்தின் ஷ்னெட்லரும் கூட்டாளிகளும் 1968-இல் செராமிக்குக்கும் இதைக் கொண்டுவந்தார்கள். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் த்ரெத்யகோவின் குழு இதை ஒரு தனித்துறையாகவே வளர்த்தது.

கரைசலை நுண்துளிகளாகத் திரவ நைட்ரஜனில் தெளிப்பார்கள். அதன் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. ஆனாலும் விழுந்த துளியைச் சுற்றி நைட்ரஜன் கொதித்து ஓர் ஆவிப்படலம் உண்டாகி, குளிரை உள்ளே விடாமல் தடுக்கிறது; துளி கொஞ்ச நேரம் மேலே மிதந்துவிட்டே அடியில் இறங்கும். உலர்பனியால் குளிரூட்டிய ஹெக்சேன் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போகாவிட்டாலும், படலம் உண்டாகாததால் துளியை விரைவாக உறையவைக்க வல்லது. வேகத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. வளரும் பனிப்படிகம் உப்பைத் தன்னுள் சேர்க்காமல் ஒதுக்கித் தள்ளும். மெதுவாக உறைந்தால் ஒவ்வோர் உப்பும் தனித்தனியே பெரிய படிகமாகத் திரளும். வேகமாக உறைந்தால் பனி ஊசிகளுக்கிடையே மெல்லிய சுவர்களாக எல்லா உப்பும் சேர்ந்தே சிக்கிக்கொள்ளும்.

உறைந்த மணிகளைத் தட்டுகளில் பரப்பி வெற்றிட அறையில் வைக்கிறார்கள். 611 பாஸ்கலுக்குக் குறைந்த அழுத்தத்தில் பனி உருகாமலே நேரடியாக ஆவியாகிறது. திரவம் இல்லாததால் பரப்பு இழுவிசையும் இல்லை. உப்புச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிவதில்லை. பனி இருந்த இடமெல்லாம் துளையாக, துளியின் உருவம் மாறாத பஞ்சு போன்ற மணி மிஞ்சும். ஒரு கிலோ பனி 10 பாஸ்கல் அழுத்தத்தில் ஆவியானால் பத்தாயிரம் கன மீட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். எந்தப் பம்பும் அதை எளிதில் இழுக்காது. கடுங்குளிரான ஒரு சுருளில் அந்த ஆவியை மறுபடி பனியாகப் படியவைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

கைத்திறன் முழுவதும் தெரிவது உப்பைத் தேர்ந்தெடுப்பதில். சல்பேட்டுகள் அழகாக உலரும். ஆனால் சிதைக்க அதிக வெப்பம் வேண்டும், பேரியத்துடன் சேர்ந்தாலோ கரையாத வீழ்படிவாகிவிடும். அசிடேட்டுகளைச் சுட்டால் எளிதில் போகாத பேரியம் கார்பனேட் எஞ்சும். நைட்ரேட்டுகள் சுலபமாகச் சிதைந்தாலும், பூஜ்யத்துக்கு வெகு கீழேயே உருகத் தொடங்குபவை. உலர்த்தும்போது வெப்பம் அந்த வரம்பைத் தாண்டினால் மணி நுரைத்துச் சரிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். பேரியம் நைட்ரேட்டின் குறைந்த கரைதிறனால் கரைசலும் நீர்த்ததாகவே இருக்க வேண்டும். அந்த அளவுக்கு வெளியேற்ற வேண்டிய தண்ணீரும் கூடுகிறது.

உலர்ந்த உப்பைச் சூளையில் சுட்டால் ஆக்சைடு கிடைக்கிறது. கலப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் குறைந்த வெப்பமே போதும், தூளும் நுண்மையாகவே நிற்கும். இந்த முறையின் உண்மையான மதிப்பு சீரான கலப்பில்தான் இருக்கிறது. நுண்மை அதன் விளைவு. உலோகம் வேண்டுமென்றால் ஹைட்ரஜனில் ஒடுக்க வேண்டும். 3,422 டிகிரியில் உருகும் டங்ஸ்டனை ரீனியத்தோடு உருக்கிக் கலப்பதைவிட, இரண்டின் உப்புகளையும் கரைத்து உறையவைத்து ஒடுக்குவது எளிது. அப்போது உண்டாகும் நீராவியை உடனுக்குடன் அகற்ற வேண்டும்; தங்கினால் டங்ஸ்டன் துகள்களைப் பருக்கவைத்துவிடும். மிக நுண்ணிய உலோகத்தூள் காற்றில் தானாகவே தீப்பற்றக்கூடியது. ஆகையால் அறையைத் திறக்குமுன் காற்றைச் சிறுகச் சிறுக விட்டு, துகள்களின் மேல் மெல்லிய ஆக்சைடு படிய விடுவார்கள்.

ஒரு தொகுதி உலர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரு கிலோ பனியை ஆவியாக்க ஏறத்தாழ 2,800 கிலோஜூல் வெப்பம் தேவை. வெற்றிடத்தில் அது மெல்லவே போய்ச் சேரும். டன் கணக்கில் மலிவாகத் தயாராகும் சாதாரண ஆக்சைடுகளுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. கலவையில் அணு அளவுச் சீர்மை கேட்கும் மின்னணுச் செராமிக்குகள், விலையுயர்ந்த உலோகக்கலவைகள் போன்றவற்றுக்கே இது ஏற்றது.