சத்தியமங்கலத்தில் சாய்ந்த தளபதி



சத்தியமங்கலம் என்றதும் உங்கள் நினைவில் எழுபவை எவை? மல்லிகைத் தோட்டங்கள், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள், 2004 வரை நாளேடுகளின் பக்கங்களை நிறைத்த வீரப்பன். பவானிக் கரையிலுள்ள இச்சிற்றூரோடு தொடர்புடைய இன்னொரு பெயரையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அதுதான் புர்ஹானுத்தீன்.

திப்பு சுல்தானை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அவருடைய துணைவியார் ருக்கையா பானுவின் உடன்பிறந்தவரே புர்ஹானுத்தீன். தந்தை லாலா மியான், ஹைதர் அலியின் படையில் நின்று மராத்தியரோடு பொருது மாண்டவர். மகனும் வாள் பிடித்தார். 1785-இல் நர்குந்த் கோட்டையை வென்று தந்த தளபதி இவரே. மைத்துனர் என்பதற்காக அன்றி, ஆற்றலுக்காகவே திப்பு இவரை நம்பினார் என்பது என் கருத்து.

1790 ஜூலையில் ஆங்கிலத் தளபதி மெடோஸ் கோயம்புத்தூரைக் கைப்பற்றினார். அடுத்த மாதம் கர்னல் ஃபிளாய்டின் படை சத்தியமங்கலம் கோட்டைக்குள் புகுந்தது. கஜலஹட்டிக் கணவாய் வழியே மைசூருக்கு ஏறிவிடுவதே அவர்களது திட்டம். ஆனால் அதே கணவாய் வழியே திப்புவே இறங்கி வந்துவிட்டார்! ஹிஜ்ரி 1205 பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. செப்டம்பர் 13 அன்று பொழுது சாயும்வரை பவானிக் கரையில் பீரங்கிகள் முழங்கின. இழப்பைத் தாங்கமாட்டாத ஃபிளாய்டு மறுநாள் பீரங்கிகள் சிலவற்றையும் விட்டுவிட்டுத் தெற்கே பின்வாங்கினார். திப்புவின் படை துரத்திச் சென்றது. ஆங்கிலேயர் ஏடுகள் செயூர் என்று குறிக்கும் ஊரருகே மாலையில் மீண்டும் மோதல் மூண்டது. அங்கேதான் புர்ஹானுத்தீன் குண்டடிபட்டு ஷஹீதானார். வெற்றியை நெருங்கியிருந்த திப்பு அன்று மேற்கொண்டு தாக்கவில்லை. ஃபிளாய்டு தப்பினார், மெடோஸின் படையோடு சேர்ந்துகொண்டார்.

அடுத்த சில வாரங்களில் ஈரோடும் தாராபுரமும் திப்புவின் வசமாயின. ஆயினும் அத்தகைய தளபதி மீண்டும் கிடைப்பாரா?

தப்பிய ஃபிளாய்டின் கதையையும் கேளுங்கள். அவர் ஜெனரலாக உயர்ந்தார், பாரனெட் பட்டமும் பெற்றார். அவருடைய மகள் ஜூலியாவை மணந்த ராபர்ட் பீல் பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரானார். ஃபிளாய்டின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கில நூல்கள் விரிவாகவே எழுதி வைத்துள்ளன. நம்மவருக்கோ சில வரிகள்தாம். அவையும் பெரும்பாலும் திப்புவின் வரலாற்றுக்கு இடையே வருபவை.

கணவாயின் அடிவாரத்தில், மோயாறு பவானியோடு கலக்குமிடத்தில் இருந்த டணாயக்கன் கோட்டை, 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீரில் மூழ்கிவிட்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அதன் எச்சங்கள் தலைகாட்டும்.

தம்பியையோ அண்ணனையோ என்று வரலாறு தெளிவாகச் சொல்லாத அந்த உடன்பிறப்பை இழந்த ருக்கையா பானு, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நாள்களில் காலமானார்.