பவரை அப்புறம் ஏற்றலாம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய வீடியோ கேமில் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியாயிற்று. கையில் கொஞ்சம் கிரெடிட்டும் மிச்சம் இருக்கிறது. முதலில் எதை மாற்றுவது? பெரும்பாலோர் கை நேராக டர்போவுக்குத்தான் போகும். போகக் கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று ஒரு காரை வைத்தே பார்த்துவிடுவோம்.

யூனோஸ் ரோட்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1989-இல் மஸ்தா கொண்டுவந்த இரண்டு சீட் கார். ஜப்பானுக்கு வெளியே எம்எக்ஸ்-5 என்றால் தெரியும். 1.6 லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன், 940 கிலோ எடை. அதாவது ஒரு குதிரைத்திறன் சுமார் 7.8 கிலோவை இழுக்கிறது. இதில் 50 கிலோவைக் குறைத்தால் அது 7.4 ஆகும். அதே 7.4-ஐ எட்ட இன்ஜினில் 7 குதிரைத்திறன் ஏற்றினாலும் போதும். கணக்கு சமம்தான், ஆனால் பலன் சமமில்லை. ஏற்றிய பவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதவும். குறைத்த எடை, பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சேர்த்து உதவும்.

டயர் இன்னும் முக்கியம். காரில் தரையைத் தொடுவது அது ஒன்றுதான். விளையாட்டில் கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேஸிங் என்று வகைகள். ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட். பல பந்தயங்களில் காருக்கு இத்தனை பெர்ஃபார்மன்ஸ் பாயின்ட்தான் என்று உச்சவரம்பு உண்டு. பவர், எடை, டயர் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். டர்போவிலேயே பாயின்ட்டைத் தீர்த்துவிட்டால் நல்ல டயருக்கு இடம் இருக்காது.

அடுத்தது சஸ்பென்ஷன். இங்கேதான் பலர் மிரள்கிறார்கள். காரை சுகுபா டிராக்குக்குக் கொண்டுபோங்கள். ஜப்பானின் இபராக்கி மாகாணத்தில் உள்ள, சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள சின்ன டிராக். மோட்டார் பத்திரிகைக்காரர்கள் இந்த ரோட்ஸ்டரிலேயே மோதும் நான்கு மணி நேரப் பந்தயம் 1989-இல் தொடங்கியதும் அங்கேதான். அதன் கடைசி வளைவு வலப்பக்கம் நீளமாகத் திரும்பி மெயின் ஸ்ட்ரெய்ட்டில் போய்ச் சேரும். அந்த வளைவில் கார் என்ன செய்கிறது என்று மூன்று கட்டமாகக் கவனியுங்கள்.

பிரேக் பிடித்து உள்ளே நுழையும்போது எடை முன்னால் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும். அப்போது வால் ஆடினால், பின்சக்கரங்கள் தனித்தனி வேகத்தில் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி (லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்) செட்டிங்கில் பிரேக்கிங் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் கூட்டுங்கள். பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து சுழன்று காரை நேராக வைத்திருக்கும்.

வளைவின் நடுவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு திரும்பாமல் இடப்பக்க ஓரத்துக்கே போகிறதா? அது அண்டர்ஸ்டியர். காரின் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஆன்டி-ரோல் பாரில் (1 முதல் 10 வரை) முன்பக்கத்தை ஒரு படி இளக்குங்கள். முன்டயருக்குப் பிடிப்பு கூடும். பதிலுக்கு வால் வழுக்கினால் பின்பக்கத்தையும் ஒரு படி இளக்குங்கள். பஸ் திரும்பும்போது நிற்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வதுபோல் காரின் உடலும் சாயும். அப்போது வெளிப்பக்க டயர் முழுதாகத் தரையில் பதிய நெகட்டிவ் கேம்பர், அதாவது டயரின் மேற்பகுதியை உள்பக்கமாகச் சாய்த்து வைப்பது, உதவும். அதை அதிகம் வைத்தால் நேர்ச்சாலையில் பிரேக்கின் பிடிப்பு குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் கீச்சிட்டுச் சுழலும். ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. எல்எஸ்டியின் ஆக்ஸிலரேஷன் சென்சிட்டிவிட்டியைக் கூட்ட வேண்டிய இடம் அது. மொத்த வாலும் வெளியே பாய்ந்தால் குறைக்க வேண்டும். இந்த வளைவில் காப்பாற்றிய வேகம் ஸ்ட்ரெய்ட் முழுக்க உங்களோடு வரும். பவர் குறைந்த காருக்கு அதுதான் சொத்து.

கடைசியாக கியர். அந்தக் கடைசி வளைவுக்கு முன்னால் வரும் பேக் ஸ்ட்ரெய்ட்டின் முடிவில் ஆர்பிஎம் சிவப்புக் கோட்டைத் தொட நிறைய பாக்கி இருக்கிறது என்றால் ஃபைனல் கியர் ரேஷியோவைக் கூட்டுங்கள். உச்சவேகம் குறையும்; ஆனால் அந்த உச்சவேகத்தை எட்டவே அங்கே இடமில்லை. ஒவ்வொரு வளைவிலிருந்தும் கார் சுறுசுறுப்பாகக் கிளம்பும்.

ஒன்றை மட்டும் கறாராகக் கடைப்பிடியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதே டிராக்கில், அதே டயரில் சில லேப் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழையபடி திருப்பிவிடுங்கள். நான்கு செட்டிங்கை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது. இத்தனையும் செய்த பிறகு பாயின்ட் மிச்சம் இருந்தால் தாராளமாக டர்போ வாங்குங்கள். அந்தப் பவரைத் தாங்கும் காராக அப்போது அது தயாராகியிருக்கும்.