பட்டியல் முழுதாய்த் தாளில் இறங்கட்டும்

நாசரேத் வட்டாரத்தில் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. சேகரத்தின் வாக்காளர் பட்டியல், அசனப் பண்டிகைக்கு நன்கொடை கொடுத்தவர்கள், மகளிர் குழுவின் கடன் கணக்கு, பள்ளியின் மதிப்பெண் பட்டியல் என எல்லாமே இன்று எக்செல்லில்தான் தயாராகின்றன. ஆனால் ஊர் அவற்றைப் படிப்பது தாளில். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகுதான் ‘என் பேர் இருக்கா?’ என்று ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த கட்டில் கடைசிப் பத்தி மட்டும் தனித் தாளில் போயிருந்தால், தொகை ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

‘நாசரேத்தின் தந்தை’ என்று இவ்வூரார் சொல்லும் கேனன் மர்காஷிஸ் 1878-இல் இங்கே கலைத் தொழிற்பள்ளி தொடங்கினார். அத்தகைய பள்ளியின் தச்சுப் பட்டறையில் மரத்தை அளக்காமல் யாரும் ரம்பத்தை எடுப்பதில்லை. எக்செல்லிலோ எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகுதான் தாளின் நினைவே வருகிறது. கோளாறு தொடங்கும் இடம் அதுதான்.

அகலத்தோடு ஒரு பழைய வழக்கு

தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினியில் வந்தது. டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் இருவரும் உருவாக்கியது. கணக்கு வலப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம், அச்சுப்பொறியின் தாளோ அகலத்தில் நின்றுவிடும். 1980-களில் ‘சைடுவேஸ்’ என்றே ஒரு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. அகன்ற பட்டியலைப் பக்கவாட்டில் திருப்பி, மடிப்பு மடிப்பாக வரும் தொடர்தாளின் நீளவாக்கில் அடித்துத் தருவது மட்டுமே அதன் வேலை. இன்றைய எக்செல்லில் 10,48,576 வரிசைகள், 16,384 பத்திகள். ஏ4 தாள் மட்டும் அதே 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. நீளம்.

முதலில் தாளை அளப்போம்

ஏ4 தாளை நெடுக்காக வைத்தால், எக்செல் வழக்கமாக விடும் ஓரம் போக எழுத 174 மி.மீ. கிடைக்கும். குறுக்காக, அதாவது லேண்ட்ஸ்கேப்பில், 261 மி.மீ. பன்னிரண்டு பத்திகள் இருந்தால் பத்திக்கு 22 மி.மீ. கூட இல்லை. ஒரு தமிழ்ப் பெயரும் தகப்பனார் பெயரும் அதற்குள் அடங்காது. ஆகவே அச்சுக்கென்று ஒரு பிரதி எடுத்து, தேவையில்லாத பத்திகளை முதலிலேயே அதில் நீக்கிவிடுங்கள். ‘பேஜ் லேஅவுட்’ பகுதிக்குப் போய்த் தாள் ஏ4 என்பதையும், நெடுக்கா குறுக்கா என்பதையும் பட்டியல் அடிக்கத் தொடங்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

அடுத்து ‘ஸ்கேல் டு ஃபிட்’. இதில் பலரும் செய்வது, முழுப் பட்டியலையும் ஒரே பக்கத்தில் அடக்கச் சொல்வது. குறுக்குத் தாளில் சாதாரணமாக 32 வரிசைகள் அடங்கும். 200 வரிசைகளை அதற்குள் திணித்தால் 11 புள்ளி எழுத்து 2 புள்ளிக்கும் கீழே போய்விடும். மெய்யெழுத்தின் புள்ளி மறையும், லி எது லீ எது என்று தெரியாது. அகலத்துக்கு ‘1 பேஜ்’ என்று கொடுத்து, உயரத்தை ‘ஆட்டோமேட்டிக்’ என்றே விடுங்கள். பத்திகள் எல்லாம் ஒரு தாளின் அகலத்துக்குள் நிற்கும், வரிசைகள் வேண்டிய பக்கங்களுக்கு இறங்கும். அதற்குப் பிறகும் எழுத்து சிறுத்தால் பத்தியைக் குறையுங்கள், இல்லையேல் ஏ3 தாளுக்குப் போங்கள்.

ஒவ்வொரு பக்கமும் தனித்து நிற்க வேண்டும்

மூன்றாம் பக்கத்தில் வெறும் எண்கள் இருந்தால், எது சந்தா, எது பாக்கி என்று யாருக்குத் தெரியும்? ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ என்பதைத் திறந்து ‘ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்’ கட்டத்தில் தலைப்பு வரிசையைக் காட்டிவிட்டால், எல்லாப் பக்கத்திலும் அது தானே ஏறும். பிரிண்ட் திரைக்குள் போய் ‘பேஜ் செட்டப்’ திறந்தால் இந்தக் கட்டம் மங்கிக் கிடக்கும், வேலை செய்யாது. ‘பேஜ் லேஅவுட்’ வழியாகத்தான் வர வேண்டும். அடிக்குறிப்பில் ‘பக்கம் 3 / 7’ என்ற முறையில் எண்ணும், அச்சிட்ட தேதியும் இருக்கட்டும். ஒரு தாள் தொலைந்தால் தொலைந்தது தெரியும். பழைய பட்டியலும் புதிய பட்டியலும் கலந்தாலும் பிரித்துவிடலாம்.

சத்தமில்லாமல் காணாமல் போகிறவை

அழகு குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். பெயர் குறைந்தால் தெரியாது. ஃபில்டர் போட்டு மறைத்த வரிசைகள் அச்சில் வருவதில்லை. போன வருஷம் குறித்து வைத்த ‘பிரிண்ட் ஏரியா’ அப்படியே இருந்தால், அதற்குக் கீழே புதிதாகச் சேர்த்த பெயர்களும் வராது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அச்சுப்பொறி தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

வங்கிக் கணக்கு எண்களில் ஆபத்து இன்னும் பெரிது. எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பத்தியை முதலில் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு எண்ணை அடிக்க வேண்டும். பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் ##### வந்தால் பதற வேண்டாம். பத்தி குறுகலாக இருக்கிறது, கொஞ்சம் அகலமாக்கினால் போதும்.

மறைத்தது வெளியே வருவதும் உண்டு. 2008 செப்டம்பரில் திவாலான லேமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் சொத்துகளை பார்க்லேஸ் வங்கி வாங்கியது. எந்தெந்த ஒப்பந்தங்கள் அதில் சேரும் என்ற பட்டியல் சுமார் 1,000 வரிசைகள் கொண்ட எக்செல் கோப்பு. வேண்டாத ஒப்பந்தங்களின் வரிசைகளை அதில் மறைத்து வைத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் பதிவு செய்ய இரவோடு இரவாக அதை பிடிஎஃப் ஆக்கியபோது, வடிவம் சீர்ப்படுத்திய ஒருவரின் கையில் மறைந்திருந்த வரிசைகள் வெளிப்பட்டன. பார்க்லேஸ் வாங்க நினைக்காத 179 ஒப்பந்தங்கள் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றை நீக்கச் சொல்லி அடுத்த மாதம் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியதாயிற்று. வேண்டாததை மறைத்து வைப்பதைவிட, அச்சுக்கென்று தனிப் பிரதி எடுத்து அதில் அழித்துவிடுவதே பாதுகாப்பு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் இருக்கும் பத்திகளை அறிவிப்புப் பலகைக்கு அனுப்பவே கூடாது. அவை அலுவலகப் பிரதிக்கு மட்டும்.

கடைக்குப் போகுமுன்

எக்செல் கோப்பை வாட்ஸாப்பில் கடைக்கு அனுப்பிவிட்டு ‘ஒரு பிரிண்ட் எடுங்கண்ணே’ என்று சொல்வதுதான் நம் வழக்கம். அங்குள்ள கணினியில் நீங்கள் அடித்த தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பத்தியின் அகலம் மாறும், பக்கம் உடையும் இடம் மாறும். பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் பெயர்களே ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். யூனிகோடில் அடியுங்கள். ‘பேஜ் பிரேக் பிரிவியூ’வில் நீலக் கோடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பிறகு நீங்களே பிடிஎஃப் ஆக்கி அதை அனுப்புங்கள். உங்கள் திரையில் பார்த்ததுதான் அங்கேயும் வரும்.

முதலில் ஒரே ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். சரியாக வந்த பின் மொத்தமும் எடுத்து, தாளில் உள்ள கடைசி வரிசை எண்ணும் அடியில் உள்ள மொத்தத் தொகையும் திரையோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை. பட்டியலில் பெயர் விடுபட்டவரிடம் ‘கம்ப்யூட்டர் செய்த தப்பு’ என்று சொல்வது நியாயமாகாது. அச்சிட்டவர்தான் அதற்குப் பொறுப்பு.