நேற்று உண்டது என்ன?

ஒரு குடும்பத்துக்குப் போதிய உணவு கிடைக்கிறதா என்பதை அறிவது எங்ஙனம்? தட்டில் இடுவதையெல்லாம் நிறுத்துப் பார்க்கலாம். ஆனால், அதற்கு நாள் முழுதும் தராசுடன் அடுக்களையில் அமர வேண்டும். அயலார் எதிரே எந்த வீட்டிலும் வழக்கமான சமையல் நடவாது என்பது நாம் அறிந்ததே.

ஆகவே அறிஞர்கள் எளிய வழியொன்றை மேற்கொண்டனர். சமையல் செய்பவரிடம், சென்ற 24 மணி நேரத்தில் வீட்டார் உண்டவை யாவை என்று கேட்பதே அது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த வழிகாட்டி நூலொன்று, உணவை 12 வகைகளாகப் பிரித்தது: தானியம், கிழங்கு, காய்கறி, பழம், இறைச்சி, முட்டை, மீன், பருப்பும் கொட்டையும், பால், எண்ணெய், சர்க்கரை, தேநீர், மசாலை முதலான பிற பொருள்கள். வகைக்கு ஒரு புள்ளி. மூன்று வேளையும் சோறுண்டாலும் தானியத்துக்கு ஒரு புள்ளிதான். தோசையோ, அரிசியும் உளுந்தும் கலந்ததாதலின், இரண்டு புள்ளி பெறும். பண்டிகைக்கு மறுநாள் சென்று கேட்டலாகாது. அன்று ஏழையின் அடுப்பும் செல்வச் செருக்கோடு எரியும் அன்றோ!

கையில் பணம் குறையுங்கால் குடும்பம் முதலில் கைவிடுவது சோற்றை அன்று. பழம், பால், முட்டை ஆகியவற்றையே. இதனால், வகைகளை எண்ணினால் வாங்கும் ஆற்றல் ஒருவாறு புலப்படும். ஹாடினாட், யோஹன்னஸ் என்னும் இரு பொருளியலறிஞர் 2002இல், இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளின் விவரங்களை ஆராய்ந்தனர். உணவு வகை நூற்றுக்கு ஒன்று மிகும் இடத்தில், தலைக்கு ஆகும் நுகர்வுச் செலவும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று மிகுந்திருக்கக் கண்டனர்.

எனினும் இவ்வெண் ஊட்டத்தின் அளவுகோல் அன்று. ஒரு வீட்டில் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, சர்க்கரையிட்ட கறுப்புத் தேநீர் ஆகியவை மட்டுமே உண்டனர் எனக் கொள்வோம். தானியம், காய், தாளித்த எண்ணெய், சர்க்கரை, தேயிலை எனப் புள்ளி ஐந்தாகிவிடும். பருப்போ, பாலோ, முட்டையோ ஒரு துளியும் இல்லை!

மற்றொரு குறையும் உண்டு. வீட்டுக்கு வந்த முட்டை ஒன்றே. அதைத் தந்தை உண்டாரா, கருவுற்ற தாய் உண்டாளா என்பதை வீட்டுக் கணக்கு சொல்லாது. இது கருதியே, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கெனத் தனி அளவை ஒன்று 2014இல் ஏற்கப்பட்டது. அதில் வகைகள் 10. எண்ணெயும் சர்க்கரையும் தேநீரும் கணக்கில் சேரா. நேற்று ஐந்து வகையேனும் உண்டனரா என்று அப்பெண்களையே நேரிற் கேட்டறிவர்.